"காணப்படவில்லை" என்பதும் "இல்லை" என்பதும்

ஆறு வாரமும் நான்கு நாளும் என்று நான் கணக்கு வைத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில், "கரு இல்லை, வெறும் பை மட்டுந்தான் இருக்கு, கழுவ வேண்டி வரும்" என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆட்டோவில் ஏறிக் கல்லடிப் பாலம் தாண்டி ஆரையம்பதி வந்து சேரும் வரை நானும் கணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை விரித்தபோதுதான், வாயால் சொல்லப்பட்டதும் தாளில் எழுதப்பட்டிருந்ததும் ஒன்றல்ல என்பதைக் கண்டேன். கர்ப்பப்பைக்குள் 7 மில்லிமீற்றர் அளவுள்ள பை ஒன்று இருக்கிறது, மஞ்சட்கருப்பையும் (கருவுக்கு முன்பே பைக்குள் தெரியும் சிறு வளையம்) கருவும் காணப்படவில்லை, இரண்டு வாரத்தில் திரும்பப் பார்க்கவும் என்றுதான் அதில் இருந்தது. நான் பதினொரு வருடங்களாகக் கணிதம் படிப்பிக்கிறேன். விடைத்தாளில் ஒரு படி காணப்படவில்லை என்பதற்கும் அந்தப் பிள்ளைக்குக் கணக்கே தெரியாது என்பதற்கும் உள்ள தூரத்தை அறிந்தவள்தான். ஆனாலும் அன்று இரவு அந்த வேறுபாடு எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

அதற்குக் காரணம் இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது. முதற்தடவை நான் முழுகாமல் இருந்தபோது, ஒன்பதாம் வாரம் கடந்துவிட்டது என்ற எண்ணத்தில் ஸ்கேனுக்குப் போனேன். கருவின் நீளம் 11 மில்லிமீற்றர், இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். அப்போது நான் நம்ப மறுத்தேன். எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை, நாட்கணக்குப் பிழைத்திருக்கும், இன்னும் இரண்டு வாரம் போனால் துடிப்பு வந்துவிடும் என்று டொக்டரிடம் வாதாடினேன். அவர் பொறுமையாக ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில் சலம் சோதித்துப் பார்த்தது எப்போது?" ஐந்து வாரத்துக்கு முன்பு, இரண்டு கோடும் தெளிவாக வந்தது என்றேன். கர்ப்பத்தின் நாட்கணக்கு எவ்வளவு பிந்தியதாக இருந்தாலும் ஏறக்குறைய நான்காம் வாரத்துக்கு முன்பு அந்தச் சோதனை அப்படிக் காட்டாது, ஆகவே இன்றைக்கு ஏறக்குறைய ஒன்பது வாரமாவது ஆகியிருக்க வேண்டும், ஆனால் 11 மில்லிமீற்றர் என்பது ஏழரை வாரத்து அளவு, அதற்கும் மேலாக 7 மில்லிமீற்றரைத் தாண்டிய கருவில் துடிப்பு இல்லாவிட்டால் நாட்கணக்கு என்னவாக இருந்தாலும் அது நின்றுபோன கருதான் என்று அவர் விளக்கினார். இன்னொரு டொக்டரையும் அழைத்துத் திரையைக் காட்டி உறுதிப்படுத்தினார். நான் கேட்டதற்காக ஒரு வாரம் பொறுத்தும் பார்த்தார்கள். அதே 11. அந்த ஒரு வாரம் எனக்குத் தேவைப்பட்டது என்பதை மறுக்கமாட்டேன், ஆனால் விடை முதல்நாளே தாளில் இருந்தது.

ஒருமுறை அப்படி ஆனவளுக்கு, இரண்டாம் முறை "கரு இல்லை" என்று சொன்னவுடன் நம்பிவிடுவது மிகச் சுலபம். முதலில் நம்பிக்கையால் எண்ணைப் பார்க்காமல் விட்டேன், பிறகு பயத்தால் பார்க்காமல் விட்டேன்.

வீட்டில் இன்னொரு குழப்பமும் நடந்தது. "வெறும் பை" என்று கணவர் சொன்னதை அம்மா "கர்ப்பப்பை வெறுமையாக இருக்கிறது" என்று விளங்கிக்கொண்டு, பிள்ளை உண்டாகவேயில்லை, மருந்துக் கடைச் சோதனைதான் பிழை என்று அயலுக்கெல்லாம் சொல்லிவிட்டார். தமிழில் இரண்டையும் பை என்றே சொல்லிப் பழகியதால் வரும் சிக்கல் இது. கர்ப்பப்பை என்பது தாயின் உறுப்பு. அதற்குள் கருவைச் சுற்றி நீர் நிறைந்து உருவாகும் சிறு உறை வேறு. ரிப்போர்ட்டில் ஜி.எஸ். என்று எழுதுவது இந்த உறையைத்தான். கர்ப்பப்பை வெறுமை என்பதும் உறை வெறுமை என்பதும் முற்றிலும் வேறான செய்திகள், முதலாவதற்கு வேறொரு ஆபத்து உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலையில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் "மிஸ்"தான். என் பெயரைப் பதிவதற்காக வந்தவர், நான் அழுதழுது நீட்டிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது வயித்துக்கு மேலால பார்த்ததா, உள்ளால பார்த்ததா?" என்று கேட்டார். மேலால்தான், யோனி வழியாக உள்ளால் அல்ல. தண்ணீர் குடித்துச் சலப்பை முட்ட இருந்தபோது பார்த்தார்கள். "உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?" என்பது அடுத்த கேள்வி. முப்பத்தெட்டு நாளைக்கு ஒருமுறை என்றேன். அவர் தாளை என் கையிலேயே திருப்பித் தந்து, "கணக்கு டீச்சர்தானே, நீங்களே போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டுப் பார்த்தேன். கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது வழக்கம். அந்த எண்ணிக்கை, பெண்ணுக்கு இருபத்தெட்டு நாள் சுற்று என்றும் பதினான்காம் நாளளவில் முட்டை வெளிப்படுகிறது என்றும் எடுத்துக்கொள்கிறது. முட்டை வெளிப்பட்டதற்குப் பிறகு அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறக்குறைய பதினான்கு நாள் எடுக்கும் என்பதால், முப்பத்தெட்டு நாள் சுற்றுள்ள எனக்கு அது இருபத்துநான்காம் நாளளவில்தான் நடந்திருக்கும். ஆகவே பத்து நாள் வித்தியாசம். நான் 46 நாள் என்று எண்ணியது உண்மையில் 36 நாள், அதாவது ஐந்து வாரமும் ஒரு நாளும். ஆரம்ப நாட்களில் உறையின் சராசரி விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து முப்பதைக் கூட்டினால் கர்ப்பத்தின் வயது நாட்களில் கிட்டத்தட்ட வரும். என் உறை 7 மில்லிமீற்றர், கூட்டினால் 37. நானே வீட்டில் முப்பத்தைந்தாம் நாள் சோதித்தபோது ஒரு கோடும், நாற்பத்திரண்டாம் நாள் சோதித்தபோது மங்கலாக இரண்டாவது கோடும் வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒரே பக்கம் காட்டின. ஐந்து வாரமும் ஒரு நாளும் ஆன உறைக்குள், அதுவும் வயிற்றுக்கு மேலால் பார்க்கும்போது, எதுவும் தெரியாமலிருப்பது இயல்புதான்.

உள்ளால் பார்க்கும் ஸ்கேனில் உறை நாலரை முதல் ஐந்தாம் வாரத்திலும், மஞ்சட்கருப்பை ஐந்தரை வாரமளவிலும், துடிப்புடன் கூடிய கரு ஆறாம் வாரமளவிலும் தெரியத் தொடங்கும். வயிற்றுக்கு மேலால் பார்த்தால் இவை ஒவ்வொன்றும் சில நாட்கள் பிந்தியே தெரியும், உடற்பருமன் கூடியவர்களுக்கு இன்னும் பிந்தும். அதனால்தான் மிஸ் முதலில் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறார்.

மிஸ் எழுதித் தந்த துண்டுடன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனேன். மகப்பேற்று நிபுணர் தாளைப் பார்த்துவிட்டு அன்றே என்னைக் கட்டிலில் ஏற்றவில்லை என்பது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்றைக்குப் பார்த்தால் நேற்றுப் பார்த்ததைவிட ஒரு மில்லிமீற்றர் கூடத் தெரியும், அவ்வளவுதான், அதை வைத்து உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றார். உறையும் கருவும் இந்தக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். அளப்பவரின் கைக்கும் அதைவிடக் கூடிய வித்தியாசம் உண்டு. 20 மில்லிமீற்றர் என்று ஒருவர் அளந்த உறையை இன்னொருவர் 17 என்றோ 24 என்றோ அளக்கக்கூடும். அடுத்தடுத்த நாட்களில் ஆளுக்கொரு இடத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு, வளர்ந்திருக்கிறது, சுருங்கியிருக்கிறது என்று குழம்புவோர் எங்கள் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். பணமும் போகும், நித்திரையும் போகும்.

எல்லை எண்களை அவர் ஒரு துண்டில் எழுதித் தந்தார், அந்தத் துண்டு இன்னும் என்னிடம் உண்டு. உள்ளால் பார்க்கும்போது உறையின் சராசரி விட்டம் 25 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தும் கரு தெரியாவிட்டால், அல்லது கருவின் நீளம் 7 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லாவிட்டால், கரு தங்கவில்லை என்று சொல்லலாம். அதற்குக் கீழே என்றால் சந்தேகம் மட்டுமே, முடிவல்ல. மஞ்சட்கருப்பை இல்லாத உறையை முதலில் கண்டிருந்தால் 14 நாளுக்குப் பிறகும், மஞ்சட்கருப்பையுள்ள உறையைக் கண்டிருந்தால் 11 நாளுக்குப் பிறகும் துடிப்புள்ள கரு தெரியாவிட்டால் மட்டும் முடிவுக்கு வரலாம். இந்த எண்கள் முன்பு இதைவிடச் சிறியவையாக இருந்தன. கருவுக்கு 5 மில்லிமீற்றரும் உறைக்கு 16 அல்லது 20 மில்லிமீற்றரும் போதும் என்று ஒரு காலம் இருந்தது. அந்த எல்லைகளில் உயிருள்ள கருவையும் நின்றுபோனது என்று பிழையாகச் சொல்லிவிடக்கூடும் என்று கண்டதால், 2011-இல் பிரித்தானியாவிலும், 2013-இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையின் வழியாக அமெரிக்காவிலும் எல்லைகளை உயர்த்தினார்கள். பழைய எண்களைப் படித்தவர்கள் இன்னும் வேலையில் இருப்பார்கள் என்பது என் ஊகம். அந்தத் தனியார் நிலையத்தில் எனக்கு நடந்ததற்கு அந்தச் சாக்குக்கூடப் பொருந்தாது. 7 மில்லிமீற்றர் உறை எந்தக் காலத்து எல்லையையும் தொடவில்லை. ஒரு நிமிடம் செலவழித்து மாதவிடாய்ச் சுற்று எத்தனை நாள் என்று கேட்காத அவசரம் மட்டுமே அது.

காத்திருந்த அந்த 14 நாளையும் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. காலையில் மண்முனைப் பாலத்தால் ஸ்கூட்டியில் வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு மத்தியானம் திரும்புவேன். போகும்போது வாவியில் வலை வீசுகிறவர்கள் நிற்பார்கள், வரும்போது இருக்கமாட்டார்கள், அதை வைத்து ஒரு நாள் கழிந்தது என்று எண்ணிக்கொள்வேன். அம்மா மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்தார், மாமி அன்னாசியையும் பப்பாசியையும் வீட்டுப் பக்கம் வரவிடவில்லை. ஆறாம் நாள் உள்ளாடையில் மண்ணிறமாகச் சிறு கறை பட்டது. அம்மா என்னைக் கட்டிலைவிட்டு எழும்ப விடவில்லை. ஆரம்பத்தில் இப்படிச் சிறு கறை படுவது பலருக்கும் உண்டு என்றும், படுக்கையிலேயே கிடப்பதால் கரு தங்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் மிஸ் சொன்னார். ஆனால் சிவப்பாகக் கூடுதலாகப் போனால், ஒரு பக்க அடிவயிற்றில் வலி நின்று குத்தினால், தலைசுற்றி மயக்கம் வந்தால், தோள்பட்டை முனையில் காரணமில்லாத வலி வந்தால், நாள் எண்ணிக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். இரத்த வகை நெகட்டிவ் என்றால் இரத்தம் படும்போது அதையும் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு ஓ பொசிட்டிவ்.

தோள்பட்டை வலி என்றதும் அம்மாவின் முகம் மாறியது, ஏனென்றால் அது களுவாஞ்சிக்குடியில் உள்ள என் மச்சாளுக்கு நடந்தது. அவருடைய ரிப்போர்ட்டில் கர்ப்பப்பையே வெறுமையாக இருந்தது, உறையும் இல்லை, ஆனால் சோதனையில் இரண்டு கோடு. வீட்டில் எல்லோரும் நாள் காணாது, பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். டொக்டர்கள் அப்படி விடவில்லை. கர்ப்ப ஹோர்மோனின் அளவை 48 மணித்தியால இடைவெளியில் இரண்டு தடவை இரத்தத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள், ஏனென்றால் கர்ப்பப்பைக்குள் நன்றாக வளரும் கர்ப்பத்தில் அந்த அளவு இரண்டு நாளில் கணிசமாகக் கூட வேண்டும், இழுத்து இழுத்துக் கூடினால் கரு வேறிடத்தில் தங்கியிருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். இரண்டாவது இரத்தம் கொடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகும் நாள், திங்கட்கிழமை பார்ப்போம் என்று மச்சாள் விட்டுவிட்டார். ஞாயிறு விடியற்காலையில் வலக்கைத் தோள் வலிக்கிறது என்று எழும்பியவர் குசினி வாசலில் விழுந்தார். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போய், பலோப்பியன் குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் சேர்ந்திருப்பதைக் கண்டு அன்றே சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்தத் தோள் வலி, வயிற்றுக்குள் சேரும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. தோளைத் தடவிக் கொடுத்துக் கொண்டிருந்த அரை மணித்தியாலத்தை மச்சாள் இன்னும் சொல்லிச் சொல்லி நடுங்குவார். ஆகவே உறை கர்ப்பப்பைக்குள் இருப்பது தெரிந்த பிறகு பொறுத்திருப்பது ஒன்று, எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் பொறுத்திருப்பது வேறொன்று.

பதினான்காம் நாள் உள்ளால் பார்க்கும் ஸ்கேன். இதற்குச் சலப்பையை வெறுமையாக்கிவிட்டு வர வேண்டும். எங்கள் பகுதிப் பெண்கள் பலர் இதற்குக் கூச்சப்பட்டு, கருவுக்குக் கேடு வரும் என்று காரணம் சொல்லித் தவிர்ப்பதுண்டு. நானும் கூச்சப்பட்டேன். புதிய உறை போட்ட, விரல் தடிப்பான ஒரு குழல், பக்கத்தில் ஒரு தாதி, மேலே போர்த்த ஒரு துணி, ஐந்து நிமிடம். வலி என்று சொல்ல ஒன்றுமில்லை, கருவுக்கு அதனால் கேடும் இல்லை.

திரையில் நீர் கறுப்பாகவும் தசை சாம்பலாகவும் தெரியும். கறுப்பு உறையின் ஓரத்தில் முதலில் தெரிந்தது, சிறு மோதிரத்தை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு வெள்ளை வளையம், அதுதான் மஞ்சட்கருப்பை. அதை ஒட்டிக்கொண்டு அரிசிக் குறுணி போல ஒன்று. அதன் இரு முனையிலும் டொக்டர் இரண்டு சிறு கூட்டல் குறிகளை வைத்தார், இடையே புள்ளிக்கோடு ஓடியது, திரையின் அடியில் 9 என்ற எண் விழுந்தது. இந்த நீளத்துடன் 42-ஐக் கூட்டினால் நாள் வரும் என்று நான் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன், படுத்தபடியே கூட்டினேன், 51. என் திருத்திய கணக்குப்படி அன்றைக்கு 50. குறுணியின் நடுவில் ஏதோ மினுக்கியது. அவர் அதன்மேல் ஒரு கோட்டைப் போட்டதும் பக்கத்தில் பல் பல்லாக ஒரு அலை வரைந்துகொண்டு போனது. நிமிடத்துக்கு 132. உள்ளே அழைக்கப்பட்ட கணவர், "சத்தம் கேட்கலாமா, டொக்டர்?" என்று கேட்டார். சத்தம் கேட்பிக்கும் டொப்ளர் கதிர் கூடிய சக்தியை ஒரே இடத்தில் செலுத்துவதால் இந்த வாரங்களில் தேவையில்லாமல் போடுவதில்லை, இந்த அலையே போதும் என்றார்.

அந்த ரிப்போர்ட்டிலும் என்னைப் பயமுறுத்த ஒரு வரி இருந்தது. வலப்பக்கச் சூலகத்தில் 25 மில்லிமீற்றர் கட்டி என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் மறுபடியும் அழுகை. முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகி, சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) வளரும் வரை கர்ப்பத்துக்கு வேண்டிய ஹோர்மோனைத் தரும் மஞ்சட்சடலம்தான் அது, கர்ப்பமுள்ள பெண்ணிடம் அது இருப்பதுதான் முறை என்பதை மிஸ் வந்து சொல்லும் வரை யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கர்ப்பிணிப் பதிவேட்டில் முதலில் எழுதியிருந்த பிரசவத் திகதியைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, கருவின் நீளத்தை வைத்துப் புதிய திகதியை எழுதினார்கள். இது சின்ன விடயம் போலத் தெரியும். பழைய திகதி அப்படியே இருந்திருந்தால், கடைசி மாதத்தில் நாள் கடந்துவிட்டது என்று சொல்லி, உண்மையில் நாள் வராத பிள்ளைக்காக எனக்கு வலி வரவைத்திருப்பார்கள். நீண்ட சுற்று உள்ளவர்கள் இந்தத் திருத்தம் நடந்திருக்கிறதா என்று தங்கள் பதிவேட்டை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ஸ்கேன் படம் அச்சாகும் அந்தப் பளபளப்பான தாள் வெப்பத்தில் கறுக்கும், வருடம் போனால் வெளிறும். என் முதல் கர்ப்பத்தின் படத்தை அலுமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், இப்போது அதில் கூட்டல் குறிகளும் இல்லை, 11 என்ற எண்ணும் இல்லை. அன்றன்றே போனில் படமெடுத்து வைக்கலாம். எண்கள் விழுந்திருக்கும் அடிப்பகுதியும் படத்துக்குள் வர வேண்டும், பலர் கருவை மட்டும் பெரிதாக்கி எடுத்து எண்ணை வெட்டிவிடுகிறார்கள்.

கடந்த வாரம் எங்கள் பாடசாலையில் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் இடைவேளையில் என்னைத் தனியே அழைத்து, அப்படித்தான் அடி வெட்டப்பட்ட ஒரு படத்தைக் காட்டினார். கரு இல்லையாம் அக்கா என்றார். தாளைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளால் பார்த்தது, உறை 14 மில்லிமீற்றர், மஞ்சட்கருப்பை தெரிகிறது, கரு காணப்படவில்லை. ஒரு பக்க வலி இல்லை, இரத்தம் இல்லை. நான் நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஸ்கேனுக்கு அவருக்குத் தந்திருக்கும் திகதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினேன், சரியாகப் பதினொரு நாள். வருகிற வியாழக்கிழமை. அன்றைக்கு அவருடைய எட்டாம் வகுப்பை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.